உள்ளே போன சிவப்பு நூல்

உக்காருங்க, இடம் இருக்குது. ஜன்னலோரம் மட்டும் கேக்காதீங்க. ஜன்னல்கிட்ட இருந்தாத்தான் யாரு ஏறறாங்க, யாரு எறங்கறாங்கன்னு பாக்க முடியும். இந்தப் பையா? வேண்டாங்க, மடியிலயே இருக்கட்டும். மேல வைக்க மாட்டேன், உங்ககிட்டயும் குடுக்க மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. டிக்கெட் வாங்கிட்டீங்களா? அதை இப்படிக் கையில வச்சுக் கசக்காதீங்க, சட்டைப் பையில வைங்க. யாராவது ஏறிக் கேட்டா என்ன பண்ணுவீங்க?

நான் கேட்டவன்தான். செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனேன். இதே மலைப்பாதைதான். சபாபதி வண்டியில ஏறறார்ன்னா கண்டக்டருக்கு முன்னாடி டிரைவருக்கு வேர்க்கும். ஒருத்தர் மூஞ்சியப் பாத்தே சொல்லிடுவேன், டிக்கெட் இருக்குதா இல்லையான்னு. இருக்கறவன் தேடுவான். இல்லாதவன்தான் ரொம்ப மரியாதையா சிரிப்பான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

மேட்டுப்பாளையத்துக்குத்தான் போறேன். எம்பையனுக்கு இன்னைக்குக் கல்யாணம். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. ஒரே பையன், பார்த்திபன். ஆனா பஸ் ஸ்டாண்டுல நான் எறங்குவனான்னு எனக்கே தெரியலைங்க. இந்த வண்டி அப்படியே குன்னூருக்குத் திரும்பும், எறங்காம உக்காந்தும் இருக்கலாம். போன்ல என்ன சொன்னான் தெரியுமா? வர்றதும் வராததும் உங்க இஷ்டம்ப்பான்னான். வரணும்னு நினைச்சா வாங்கன்னு சொல்லணுமா இல்லையா? இஷ்டம்னா என்ன அர்த்தம்? நீங்க மூணாம் மனுஷன். முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் எறங்கலாமா வேண்டாமான்னு.

போன மழைக்காலத்துல எனக்கு இந்த வலது கையில வாதம் மாதிரி வந்துச்சு. பெருசா ஒண்ணுமில்ல. டம்ளர் பிடிச்சா நழுவும், சட்டைப் பட்டன் போட முடியாது. மருந்து குடுத்த டாக்டரு, கைக்கு வேலை குடுத்துட்டே இருங்கன்னாரு. அன்னைக்கு சாயங்காலமே எம்பையன் வந்து, அப்பா, மார்க்கெட்டுக்கு மேல ஒரு பேக்கரி மாடியில கம்பளி வேலை கத்துக் குடுக்கறாங்க, நீங்க போங்கன்னான். பாருங்க, காலையில டாக்டர் சொல்றாரு, சாயங்காலம் இவன்கிட்ட விலாசம் தயாரா இருக்குது. எனக்கு அப்பவே தட்டுச்சு. இவனுக்கு எப்படித் தெரியும் கம்பளி வேலையப் பத்தி? பேங்குக்கு கம்ப்யூட்டர் மாட்டற பையன். கேட்டா, யாரோ சொன்னாங்கப்பாங்கறான். யாரோன்னு ஒரு ஆளு கிடையாதுங்க. எல்லாருக்கும் பேரு இருக்குது.

சரின்னு போனேன். வினோதான்னு ஒரு பொண்ணு, அதுதான் டீச்சர். கூடப் படிக்கறவங்க நாலஞ்சு பொம்பளைங்க. அதுல பிலோமினான்னு ஒரு அம்மா, ஆஸ்பத்திரியில நர்சா இருந்தவங்க, வாய் ஓயாது. ஆம்பளை நான் ஒருத்தன்தான். அந்தப் பொண்ணு என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னு, ஜன்னலோர நாற்காலியக் காட்டி, ரொம்ப மரியாதையா சிரிச்சுது. நான் என்ன சொன்னேன் உங்ககிட்ட, ரொம்ப மரியாதையா சிரிக்கறவங்களப் பத்தி?

அப்புறம் டீ வந்துச்சு. எல்லாருக்கும் சர்க்கரை போட்டு, எனக்கு மட்டும் போடாம. எனக்கு சர்க்கரை வியாதின்னு நான் அங்க யார்கிட்டயும் சொல்லவே இல்லீங்க.

அந்த வேலை என்ன வேலைன்னு நினைக்கறீங்க? ஸ்வெட்டர் பின்னறதுன்னுதான நானும் நினைச்சேன். அதில்ல. ஃபெல்ட்டுன்னு சொல்றாங்க. ஊசி இல்ல, நூல் இல்ல, தறி இல்ல. சீவி வச்ச கம்பளி மயிர், பெரிய சடை மாதிரி நீளமா இருக்கும். அதுல இருந்து மெல்லிசா, பஞ்சு மாதிரி உருவி உருவி மேஜையில பரப்பணும். ஒரு வரிசை படுக்கையா, அதுக்கு மேல ஒரு வரிசை நிலையா. மேல கொசுவலைத் துணியப் போட்டு, சோப்புத் தண்ணிய வெதுவெதுன்னு தெளிச்சு, கையால தேய்க்கணும். தேய்ச்சுட்டே இருந்தா துணியாயிடுமாம். எப்படியம்மா ஆகும்னு கேட்டேன். கம்பளி மயிர்ல கண்ணுக்குத் தெரியாத செதில் இருக்குதுங்க சார், சூடும் சோப்பும் பட்டா விரிஞ்சு ஒண்ணையொண்ணு கவ்விக்கும்னுது. கண்ணுக்குத் தெரியாததுன்னு ஒருத்தர் சொன்னாலே நான் உஷாராயிடுவேன். பஸ்ல எத்தனை பேரு எங்கிட்ட கண்ணுக்குத் தெரியாத டிக்கெட்டைக் காட்டியிருக்காங்க.

முதல்ல எனக்கு வரவே இல்ல. அழுத்தித் தேய்ச்சா மயிரெல்லாம் ஒதுங்கி நடுவுல ஓட்டை விழுந்துடும். அந்தப் பொண்ணு பக்கத்துல வந்து நின்னு, குழந்தைக்குத் தலை தேய்க்கற மாதிரி மெதுவா தேய்ங்க சார், ஒட்டிக்கிட்டதும் அழுத்தலாம்னு சொல்லும். சளைக்காம சொல்லும். ஒரு தடவ வாய் தவறி அப்பான்னு கூப்பிட்டுட்டு, சார்ன்னு மாத்திக்கிச்சு. மூஞ்சி செவந்து போச்சு. என்னடா இது, குழையறாளேன்னு நான் என் பாட்டுக்கு இருந்தேன்.

எம்பையன் வேற அடிக்கடி வந்துடுவான். வகுப்பு முடியறதுக்கு முன்னாடியே வந்து, உள்ள வராம கதவுல சாஞ்சு நிப்பான். நீ எதுக்குடா வர்றே, நான் தனியா நடந்து வர மாட்டனான்னா, சும்மாதாம்ப்பாங்கறான். என்னை வேவு பாக்கறான்னு எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. நான் ஒழுங்கா கைக்கு வேலை குடுக்கறனான்னு பாக்கறதுக்கு.

நானும் சும்மா இல்ல. போறப்பெல்லாம் ஒரு கொத்து கம்பளிய சட்டைப் பையில வச்சு வீட்டுக்குக் கொண்டு வந்துருவேன். திருட்டு இல்லீங்க, சாம்பிள். சரக்கு நல்ல சரக்கான்னு பின்னாடி ஒரு பிரச்சினை வந்தா காட்டணுமில்ல?

பர்லியாறு வந்தாச்சு. டீ குடிக்கறதுன்னா குடிச்சுட்டு வாங்க, நான் எறங்க மாட்டேன். வேண்டாமா? சரி, கேளுங்க.

கை கொஞ்சம் பழகுனதும் ஆளுக்கொரு வீட்டுச் செருப்பு செய்யலாம்னுது அந்தப் பொண்ணு. கம்பளிச் செருப்பு, கால் முழுக்க மூடற மாதிரி. என்னை ஒரு தாளு மேல நிக்க வச்சு, குனிஞ்சு உக்காந்து, என் ரெண்டு காலையும் பென்சிலால வரைஞ்சு எடுத்துச்சு. அந்த அளவை வச்சு ஒரு அட்டை வெட்டணும். அந்த அட்டையச் சுத்தித்தான் கம்பளிய முன்னும் பின்னும் மூடித் தேய்க்கறது, அப்புறம் வாய் வெட்டி அட்டைய உருவிடறது. சரி, எங்கால் எவ்வளவு? இதோ, இவ்வளவுதான். அந்தப் பொண்ணு வெட்டிக் குடுத்த அட்டை எவ்வளவு தெரியுமா? யானைக்கு வெட்டுன மாதிரி. முன்னாடியும் பின்னாடியும் கை நீளத்துக்குத் தள்ளி நிக்குது. என்னம்மா இதுன்னா, சுருங்கும் சார், சுருங்கித்தான் உங்க காலுக்கு வரும்னுது. என்னைப் பாத்தா எப்படித் தெரியுதுன்னு நினைச்சேன். அளவு எடுக்கறது ஒண்ணு, வெட்டறது ஒண்ணு. மிச்சக் கம்பளி எங்க போகும்? நான் விடுவனா. அது அந்தப் பக்கம் திரும்புன சமயத்துல கத்தரிய எடுத்து, என் கால் வரைஞ்ச கோட்டுக்குச் சரியா அந்த அட்டைய வெட்டிட்டேன். நாலு பக்கமும். துண்டுகளைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்.

இன்னொண்ணும் பண்ணுனேன். இது என் சர்வீஸ் அனுபவம். ஒரு டிக்கெட்டைச் செக் பண்ணுனா அதுல நாம ஒரு அடையாளம் வைப்போம், திரும்ப எவனும் அதையே காட்டக் கூடாதுன்னு. அதே மாதிரி, ரெண்டு செருப்புலயும் குதிகால் பக்கம் ஒரு சிவப்பு நூலைச் சொருகி, நுனி மட்டும் வெளிய தெரியற மாதிரி வச்சேன். வகுப்பு முடிஞ்சா எல்லாருடைய வேலையும் அந்தப் பொண்ணு பூட்டற அலமாரிக்குள்ளதான போகுது? சாவி அது இடுப்புலதான இருக்குது?

தேய்ச்சேன். பாயில சுருட்டி உருட்டுனேன். நல்லாத்தான் வந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. கெட்டியா, துணி மாதிரி ஆயிடுச்சு. எங்கால் அளவுக்கு அப்படியே இருந்துச்சு. கடைசியா ஒரு வேலை பாக்கி. சுடுதண்ணியில முக்கி முக்கி மேஜையில ஓங்கி அடிக்கணும். அதுக்கு என் கை தாங்காதுன்னு அந்தப் பொண்ணு, உங்க கைக்கு இது வேண்டாம் சார், நான் பின்னாடி கொண்டுபோய் அடிச்சுத் தர்றேன்னுது. பின்னாடி! எதுக்குப் பின்னாடி? அங்கதான் அடுப்பும் குழாயும் இருக்குதாம்.

உள்ள போறப்ப எங்கால் அளவு. வெளிய வர்றப்ப, நீங்க நம்ப மாட்டீங்க, ஒண்ணாங்கிளாஸ் பையன் காலுக்குப் பத்தாது. உள்ளங்கையில வச்சுக்கலாம். அந்தப் பொண்ணும் அதைக் கையில வச்சு முழிச்சுட்டு நிக்குது, இவ்வளவு எப்படி சார் சுருங்குச்சுன்னு எங்கிட்டயே கேக்குது. நான் குதிகாலைத் திருப்பிப் பாத்தேன். நூல் இல்ல. ரெண்டுலயும் இல்ல. இதுக்கு மேல என்னங்க சாட்சி வேணும்?

சர்வீஸ்ல எப்படிப் பண்ணுவனோ அப்படியே பண்ணுனேன். வாசல்ல போய் நின்னு, எல்லாரும் அப்படியே உக்காருங்க, யாரும் வெளிய போகக் கூடாதுன்னேன். பிலோமினாம்மா சிரிச்சாங்க, நான் விளையாடறேன்னு நினைச்சு. இது என்னோடது இல்ல, நான் வச்ச சிவப்பு நூலைக் காணோம், மாத்திட்டாங்கன்னேன். அலமாரியத் திறன்னேன். அந்தப் பொண்ணு உடனே இடுப்புல இருந்த சாவிய எடுத்து எங்கையில குடுத்துச்சு. குத்தம் பண்ணாதவங்க எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா?

திறந்தேன். கீழ்த்தட்டுல, ஒரு வெள்ளைத் துணியில சுத்தி, ஒரு ஜோடி செருப்பு. சாம்பல் கலர். ஆம்பளைச் செருப்பு. அடியில தோல் வச்சுத் தச்சு, ஓரமெல்லாம் வழவழன்னு. போட்டுப் பாத்தேன். எங்காலுக்கே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உக்காந்துச்சு. எப்படி இருந்திருக்கும் எனக்கு? கையும் களவுமாப் பிடிச்சாச்சு. காலைத் தூக்கி எல்லாருக்கும் காட்டுனேன். பாத்துக்கோங்க, இதுதான் என்னோடது, இங்க பதுக்கி வச்சிருக்குதுன்னேன்.

அப்பத்தான் எம்பையன் கதவுல நிக்கறதைப் பாத்தேன். எப்ப வந்தான்னு தெரியல. கையில ஒரு ஸ்வீட் டப்பா வேற வச்சிருந்தான். அவன் சத்தம் போடலீங்க. சத்தம் போட்டிருந்தா நான் பதிலுக்குப் போட்டிருப்பேன்.

"அப்பா, அது உங்களுக்கு வினோதா செஞ்சது," அப்படின்னான். "நாங்க கல்யாணம் பண்ணிக்கப் போறோம். இன்னைக்கு அதைக் குடுத்துட்டு உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தோம்."

ஸ்வீட் டப்பாவ மேஜையில வச்சான். யாரும் அதைத் தொடல. பிலோமினாம்மா மட்டும் எந்திரிச்சுப் போய் அந்தப் பொண்ணு பக்கத்துல நின்னாங்க.

அப்ப எனக்கு எல்லாம் விளங்குச்சு. சர்க்கரை போடாத டீ, ஜன்னலோர நாற்காலி, யாரோ சொன்னாங்கன்னு சொன்னது, கதவுல சாஞ்சு நின்னது. இத்தனை நாளும் என்னை ரெண்டு பேரும் சேர்ந்து செக் பண்ணியிருக்காங்கங்க. என்னை! ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டரை! அதைத்தான் கேட்டேன். என்னை வேவு பாத்தீங்களாடான்னேன்.

"ஆமாப்பா," அப்படின்னான். "இவ பயந்தா. எங்கப்பா பழகுனா ரொம்ப நல்லவரு, வந்து பாருன்னு நான்தான் சொன்னேன்."

அந்தப் பொண்ணு அப்பத்தான் வாயத் திறந்துச்சு. மேஜையில கிடந்த என் அட்டையத் தூக்கிப் பாத்துச்சு, நான் வெட்டுனதைக் கண்டுபிடிச்சிருச்சு போல. "சார், நீங்க வச்ச நூல் உள்ளதான் இருக்கும். கம்பளி அதை மூடிக்கும். வேணும்னா வெட்டிப் பாருங்க," அப்படின்னுது. அழுகல. அழுதிருந்தா நடிப்புன்னு சொல்லியிருப்பேன். அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் இடிக்குது. நான் வெட்டிப் பாக்கல. எதுக்குப் பாக்கணும்? ரெண்டு ஜோடியையும் தடயமா எடுத்துட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

மறுநாள் காலையில பையன் பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டான். மேட்டுப்பாளையத்துல கூட்டாளி வீட்டுல தங்கிக்கறேன்னான். அந்தப் பொண்ணோட ஊரும் அதுதானாம். நான் வாசப்படியில நின்னுட்டிருந்தேன். பாருங்க, பழக்கதோஷம், பையில என்னடா, திறன்னுட்டேன். வாய்ல வந்துருச்சு. அவன் கீழ வச்சு ஜிப்பைத் திறந்து காட்டுனான். ரெண்டு சட்டை, ஒரு பேண்ட், சவர சாமான். வீட்டுல இருந்து ஒரு பொருள் எடுத்துட்டுப் போகலீங்க. அந்த விஷயத்துல நேர்மையான பையன். சரி, போன்னேன். நான் சரின்னு சொன்னதுக்கு அப்புறமும் அவன் கொஞ்ச நேரம் நின்னான். எதுக்கு நின்னான்னு தெரியல.

அப்புறம் வீட்டுல நான் மட்டும்தான். சம்சாரம் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆச்சு. கல்யாணத் தேதிய அவன் போன்ல சொன்னப்புறம் எனக்குத் தூக்கம் பிடிக்கல. இஷ்டம், இஷ்டம்னு அதே காதுல ஓடுது. சரி, இந்தக் கேஸை முடிச்சுட்டுத்தான் கல்யாணத்துக்குப் போறதா வேண்டாமான்னு முடிவு பண்ணணும்னு நேத்து மத்தியானம் உக்காந்தேன். சாம்பிள் கம்பளி இருந்துச்சில்ல, அதை எல்லாத்தையும் எடுத்தேன். கதவைத் தாழ் போட்டேன். பின்கதவையும் போட்டேன். ஜன்னலையும் சாத்துனேன். ஒரு ஈ உள்ள வர முடியாது. சமையல் மேடையில எங்கால் அளவைக் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குச் சரியாக் கம்பளியப் பரப்புனேன். படுக்கையா ஒண்ணு, நிலையா ஒண்ணு. நடுவுல ஒரு சிவப்பு நூலை வச்சு, நுனிய வெளிய விட்டேன். துணி துவைக்கற சோப்புதான். வெந்நீர் வச்சேன். முதல்ல மெதுவா, குழந்தைக்குத் தலை தேய்க்கற மாதிரி. ஒட்டிக்கிட்டதும் அழுத்தி. அப்புறம் சுருட்டி உருட்டி, வெந்நியில முக்கி, மேடையில ஓங்கி ஓங்கி அடிச்சேன். அடிக்கறப்பத்தான் பாத்தேன், வலது கையாலயே அடிச்சுட்டிருக்கேன். அந்தக் கை எப்ப சரியாச்சுன்னே எனக்குத் தெரியல. மருந்தா இருக்கும்.

விரிச்சுக் கோட்டுல வச்சேன். பாதிதான் இருக்குதுங்க. கோடு அந்தப் பக்கம், துணி இந்தப் பக்கம். நூலைக் காணோம். கத்தரிய வச்சு வெட்டுனேன். உள்ள பத்திரமா இருக்குது, முழுசா, சிவப்பா.

நான் சுத்திப் பாத்தேன். பின்கதவுத் தாழைப் போய் இழுத்துப் பாத்தேன், போட்டது போட்டபடி இருக்குது. கட்டிலுக்கு அடியில கூடக் குனிஞ்சு பாத்தேன், சொன்னா சிரிப்பீங்க. யார் மேலயாவது குத்தம் சொல்லணும்னா ஒரு ஆள் வேணுமில்லீங்க? அந்த வீட்டுல என்னைத் தவிர ஒருத்தரும் இல்ல.

கல்லாறு தாண்டியாச்சு. இன்னும் கொஞ்ச தூரம்தான். இப்பச் சொல்லுங்க, எறங்கலாமா வேண்டாமா? எனக்கு இன்னமும் சந்தேகம் தீரலைங்க, ஒத்துக்கறேன். முதல் நாளே, அப்பா, இந்தப் பொண்ணைத்தான் கட்டிக்கப் போறேன்னு சொல்லியிருந்தா இத்தனை கூத்து உண்டா? சொல்லலையில்ல? அது தப்புதான? நான் போய் நின்னா அந்தப் பொண்ணு சிரிக்குமா, மூஞ்சியத் திருப்புமா? ரொம்ப மரியாதையா சிரிச்சுட்டா? அதைத்தான் நினைச்சுப் பயமா இருக்குது.

கீழ என்ன பாக்கறீங்க? ஆமா, அதேதான். அந்தச் சாம்பல் கலர்ச் செருப்பு. கல்யாணத்துக்கு இதைப் போட்டுட்டு யாராவது போவாங்களான்னு கேப்பீங்க. பையில எடுத்துட்டுப் போனா திருப்பிக் குடுக்க வந்திருக்கேன்னு நினைச்சுக்குவாங்க. கால்ல இருந்தா, அந்தப் பொண்ணு பாத்தாப் போதும். நான் வாயத் திறந்து எதுவும் சொல்ல வேண்டியதில்ல பாருங்க. எனக்கு அதெல்லாம் சொல்ல வராது.

வண்டி திரும்புது, பஸ் ஸ்டாண்ட் வந்துருச்சு. அங்க தூண்கிட்ட நிக்கறது யாரு, வெள்ளைச் சட்டையில? எனக்குக் கண்ணாடி இல்லாம தூரம் தெரியாது. எந்தப் பஸ்ல வர்றேன்னு நான் யார்கிட்டயும் சொல்லலையே. வர்ற வண்டிய எல்லாம் எட்டி எட்டிப் பாக்கறான் பாருங்க. காலையில இருந்து நிக்கறானோ என்னவோ.

அடடா, தூறல் போடுதா? இந்தாங்க, இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க. அதுல நேத்து வெட்டுன அந்தக் கம்பளித் துண்டுதான் இருக்குது, பாக்கணும்னா பாருங்க, பரவால்ல. நான் கொடையை விரிச்சுக்கறேன். காலு நனையக் கூடாதுங்க. இது கம்பளி. நனைஞ்சா சுருங்கிடும். யாரும் எடுக்க வேண்டாம், தானாச் சுருங்கிடும்.